மரக்கறி விடுதியில் எழுந்த வினா

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகள் என்னைப் பெங்களூரில் ஓர் உணவு விடுதிக்கு அழைத்துச் சென்றாள். மாரிக்குப்பத்தில் காலை வண்டி ஏறிக் கண்டோன்மெண்ட் நிலையத்தில் இறங்கினேன். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டது முதல் எங்கள் ஊரார் பிழைப்பை நாடி நாள்தோறும் போய்வரும் தடம் அது. ஞாயிறாகையால் அன்று உட்கார இடம் கிடைத்தது. மகள் அந்நகரில் கணினித் தொழில் செய்கிறாள்; விடுதியில் தங்கியிருக்கிறாள்; மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவாள். இம்முறை, "நீங்கள் வாருங்கள் அப்பா, ஒன்று சொல்ல வேண்டும்" என்று அழைத்திருந்தாள். பெண்ணைப் பெற்றவன் இத்தகைய அழைப்பைக் கேட்டால் என்னென்ன எண்ணுவானோ அவ்வளவும் வண்டியில் எண்ணிக்கொண்டு சென்றேன்.

உணவு விடுதி சர்ச் தெருவுக்குப் பின்புறத்துச் சந்து ஒன்றில் இருந்தது. பத்துப் பன்னிரண்டு மேசைகள். எல்லாவற்றிலும் இளைஞர் கூட்டம். வெளியே வண்டிகளின் இரைச்சல். உள்ளே அதனினும் பெரிய இரைச்சல். இறைச்சி, மீன், முட்டை மட்டுமன்றிப் பால், நெய், தேன் ஆகியவையும் அங்கே சமைக்கப்படுவதில்லை என்று சுவரில் எழுதியிருந்தார்கள். பலாக்காய் பிரியாணியும், கீரை வைத்த ராகி தோசையும், முந்திரிப் பருப்பை அரைத்து உறைய வைத்த தயிரும் வந்தன. காப்பியில் ஓட்ஸ் தானியத்திலிருந்து எடுத்த பால். பலாக்காய் நன்றாக இருந்தது. காப்பியைப் பற்றி ஒன்றும் சொல்லாமலிருப்பதே மகளுக்கு நான் செய்யும் மரியாதை.

உண்டுகொண்டிருக்கையில் அவள் சொன்னாள்: "எட்டு மாதமாக நான் இறைச்சி உண்பதில்லை, அப்பா. பாலும் விட்டுவிட்டேன். வீட்டில் சொல்ல அச்சமாக இருந்தது."

இறைச்சி உண்ணத் தொடங்கியதை வீட்டில் சொல்ல அஞ்சும் பிள்ளைகள் இந்நாட்டில் பலர். இறைச்சியை விட்டதைச் சொல்ல அஞ்சிய பிள்ளை எங்கள் வீட்டுப் பிள்ளை. இதனைப் படிக்கும் அன்பர்களுக்கு அவ்வச்சத்தின் காரணத்தை விளக்க வேண்டுவதில்லை. நம் வீடுகளின் கொடியில் உப்புக்கண்டம் காய்ந்த நாளில் தெருவில் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டதை நாம் மறந்தோமில்லை. முன்பு நான் வேலை பார்த்த அலுவலகத்தில், நான் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்ததும் எதிரே இருந்தவர் எழுந்து வேறிடம் போவார். அதில் சில நாள் வெறும் கத்தரிக்காய்க் குழம்புதான் இருந்தது என்பதை அவர் அறிந்திலர். மகளுக்கு அந்நகரில் வாடகை அறை தேடியபோது மூன்று வீடுகளில், "நீங்கள் சைவமா?" என்று கேட்டார்கள். அக்கேள்வி உணவைப் பற்றியது அன்று என்பதைக் கேட்டவரும் அறிவார், நாங்களும் அறிவோம்.

ஆகையால் அவள் சொன்னதும் என் உள்ளத்தில் முதலில் எழுந்தது மகிழ்ச்சியன்று, ஐயமே. இவள் நாணத்தால் விட்டாளா? உடன் பணிபுரிவோர் பார்வைக்கு அஞ்சி விட்டாளா? நம்மை இகழ்ந்தவர்கள் எதனைச் சொல்லி இகழ்ந்தார்களோ அதனை நாமே கைவிடுவோமாயின், அவர்கள் இகழ்ந்தது சரி என்று கையெழுத்திட்டுக் கொடுத்தது ஆகாதா? இகழப்பட்ட உணவை, இகழ்ந்தவனுக்கு இணங்காமல் ஒருவர் விட முடியுமா? இவ்வினாவே அன்று முதல் என்னை விடாமல் பற்றியிருக்கிறது.

நிற்க. சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. காயும் கீரையும் உண்பதற்குத் தமிழில் 'சைவம்' என்று பெயர் வழங்குகிறோம். ஒரு சமயத்தின் பெயர் கத்தரிக்காய்க்கு எவ்வாறு உரியதாயிற்று? அச்சமயத்தாரல்லாத நாம் வெண்டைக்காய் தின்னும்போது சைவராகிறோம். மீன் தின்னும்போது, 'இன்னது' என்றுகூடச் சொல்லப்படாமல், 'இன்னது அல்லாதது' என்னும் பெயரால் அசைவராகிறோம். ஈழத்துத் தமிழர் 'மரக்கறி' என்னும் நல்ல சொல்லை வைத்திருக்கிறார்கள். அதில் கோயிலும் இல்லை, குலமும் இல்லை. கறி மட்டுமே இருக்கிறது. பாலையும் தேனையும் நீக்கிய உணவுமுறைக்கு 1944-இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் முதலியோர் 'வீகன்' என்று பெயரிட்டனர். தமிழில் சிலர் அதனை 'நனிசைவம்' என்கின்றனர். சைவமே நமக்கு ஒட்டாதபோது நனிசைவம் எதற்கு? யான் மரக்கறி என்றே எழுதுகிறேன்.

என் ஐயம் வெறும் மனக்கோணல் அன்று என்பதற்கு உணவு விடுதிகளின் வரலாறே சான்று. தென்னிந்திய இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941-இல்தான் ஒழிந்தது. சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு விடுதிப் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக் கோரி, 1957-இல் பெரியாரின் இயக்கத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை புகுந்தனர். சிற்றூர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையைப் பற்றி யான் எழுத வேண்டுமா? 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு, சாதியின் பெயரால் எவரையும் பொது உணவு விடுதியில் தடுத்தல் ஆகாது என்று தனியே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்ததென்றால், விடுதி வாசல் எத்தகைய வாசலாயிருந்தது என்பது விளங்கும். இவை பழங்கதை என்பார்க்கு, 2024 மார்ச்சு மாதத்தை நினைவூட்டுவேன். சொமாட்டோ நிறுவனம் 'தூய மரக்கறி' உண்போர்க்கெனப் பச்சை உடை அணிந்த தனிப் பணியாளர் வரிசையை அறிவித்தது. கண்டனம் எழுந்ததும் மறுநாளே உடை வேறுபாட்டைக் கைவிட்டது. மூடிக் கட்டிய பொட்டலத்துக்குள் இருக்கும் சோறு, அதனைச் சுமப்பவனின் முதுகுப் பையில் முன்பு என்ன இருந்தது என்பதால் கெடுமாயின், அது நாவைப் பற்றிய செய்தியன்று. தீட்டைப் பற்றிய செய்தி.

இவ்வளவையும் மகளிடம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவர்கள் விடுதியில் நெய் தோசை உண்டு, இங்கே இல்லை. அதைக் கவனித்தீர்களா?" என்றாள்.

அவள் விளக்கியது இது: கன்று ஈனாமல் எந்தப் பசுவும் எருமையும் பால் தராது. பிறப்பனவற்றுள் பாதி ஆண்கன்று. ஏர் உழவும் வண்டி இழுக்கவும் இயந்திரம் வந்தபின் அதற்கு வேலையில்லை. பால் வற்றிய தாய்க்கும் தீனி போடுவார் இல்லை. உலகில் மிகுதியாகப் பால் கறக்கும் நாடு இந்தியா. எருமை இறைச்சியை மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் ஒன்றும் இந்தியாவே. இவ்விரண்டும் ஒரே தொழுவத்தின் இரண்டு வாசல்கள். ஆதலால் பாலும் நெய்யும் உண்டு, இறைச்சி உண்பவனை இழிந்தவன் என்று ஒதுக்குபவன், கொலையினின்று விலகினவன் அல்லன். கொலையைப் பிறன் கையில் ஒப்படைத்தவன். அந்தப் பிறன் யார் என்பதும், செத்த மாட்டை இழுத்துச் சென்று தோல் உரிக்கும் வேலை யாருக்கு விதிக்கப்பட்டது என்பதும் நம்மவர்க்குத் தெரியாததன்று. "பசு தெய்வம் என்று நான் பாலை விடவில்லை, அப்பா. அதற்கு வலிக்கும் என்று விட்டேன்" என்றாள்.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு களிப்பு உண்டானதை மறைப்பானேன்? என் அலுவலகத்தில் எழுந்து போனவரின் தயிர்ச் சாதமும் குற்றக் கூண்டில் ஏறியது கண்டு மகிழ்ந்தேன். அது கருணையால் வந்த மகிழ்ச்சியன்று. பழி தீர்ந்த மகிழ்ச்சி. அவள் வாதம் அவரோடு நில்லாது என்னையும் தேடி வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

நான் கற்ற விடையைச் சொன்னேன். பகவன் புத்தர் பிக்குகளுக்கு இறைச்சியை முற்றும் விலக்கவில்லை. இராசகிருகத்தில் மருத்துவர் ஜீவகரின் மாந்தோப்பில் இருந்தபோது, தமக்கெனக் கொல்லப்பட்டதாகக் கண்டது, கேட்டது, ஐயுற்றது ஆகிய மூன்றுமில்லாத இறைச்சியை ஏற்கலாம் என்றார். தேவதத்தன், மீனும் இறைச்சியும் பிக்குகளுக்கு வாழ்நாள் முழுதும் கூடாது என்பது முதலான ஐந்து விதிகளை வேண்டியபோது, விரும்புவோர் அவ்வாறு ஒழுகலாம், விதியாக்குதல் இல்லை என்று மறுத்தார். பாபாசாகேப் அம்பேத்கரும், 1957-இல் வெளியான தம் தம்ம நூலில், கொல்ல வேண்டிய தேவையையும் கொல்லும் விருப்பத்தையும் வேறு பிரித்தே பேசினார். இவ்வளவும் சொல்லி முடித்து, மகள் வாயடைத்துப் போவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் கேட்டாள்: "பிக்கு பாத்திரத்தில் விழுந்ததை உண்பவர். நாம் காசு கொடுத்து வாங்குகிறோமே, அப்பா. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கோழி வாங்குவது எப்படி?"

அன்பர்களே, அது எப்படி என்று நீங்களும் அறிவீர்கள். கடை வாசலில் கம்பிக் கூண்டு. ஒன்றரைக் கிலோ என்று நாம் சொல்கிறோம். கடைக்காரர் கையை உள்ளே விட்டு ஒன்றைக் காலைப் பிடித்து வெளியே எடுக்கிறார்; அது கத்துகிறது; தராசில் வைக்கிறார்; நாம் தலையசைக்கிறோம். காணாததா, கேளாததா, ஐயுறாததா? மூன்றும் நம் கண்ணெதிரே, நம் தலையசைப்பினாலே, நமக்காகவே நடக்கின்றன. நாற்பது ஆண்டாக யான் மேடையில் மேற்கோள் காட்டிவந்த அதே நெறியின்படி, நாற்பது ஆண்டாக யான் வாங்கிய கோழி ஒன்றேனும் ஏற்கத் தக்கதாக இருந்ததில்லை! ஜீவகருக்கு உரைத்த அவ்வுரையிலேயே, உயிரைக் கொன்று அளிப்பவன் தேடிக்கொள்ளும் தீமைகள் ஐந்து என்று எண்ணப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டு, கழுத்தில் கட்டி இழுத்து வரும்போது அவ்வுயிர் படும் துன்பமும், கொல்லும்போது அது படும் துன்பமுமேயாம். உண்பவனின் தூய்மையைப் பற்றி அங்கே பேச்சில்லை. இழுக்கப்படுவதன் வேதனையே கணக்கில் வந்திருக்கிறது. இதனைப் பலமுறை படித்திருக்கிறேன். எனக்கு வேண்டிய மூன்றை எடுத்துக்கொண்டு, வேண்டாத ஐந்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அப்படியானால் தேவதத்தன் சொன்னது சரியா? இக்கேள்வியோடுதான் அன்று மாலை வண்டியில் திரும்பினேன். அன்றிரவு பழைய நூல்களைப் புரட்டினேன். அவன் வேண்டிய விதியில் குற்றமில்லை என்றே தோன்றியது. குற்றம் அவ்விதியைக் கொண்டு அவன் செய்யக் கருதியதில் இருந்தது. புத்தர் இசையமாட்டார் என்று தெரிந்தே கேட்டான்; அவர் மறுத்ததும், 'யாம் கடுநோன்பினர், அவரோ சுகவாழ்வினர்' என்று காட்டிச் சங்கத்தைப் பிளந்தான். உணவை ஏணியாக்கி ஏறி நின்று கீழே இருப்பவனைப் பார்க்க விரும்பினான். நம்மை நாற்றம் என்று சொன்னவர்களும் அவ்வேணியில் நின்றவர்களே. சுத்தநிபாதத்தில் உள்ள ஆமகந்த சுத்தம் இந்நாற்றத்தைப் பற்றியே பேசுகிறது. ஊன் உண்பதன்று புலால் நாற்றம். வஞ்சனை, கொடுமை, பொய், ஈயாமை, செருக்கு இவையே நாற்றம் என்பது அதன் கருத்து. அது கோழிக் கூண்டுக்கு அனுமதிச் சீட்டு அன்று. மூக்கைப் பொத்தியவனுக்குக் கொடுத்த விடை. அதனை யான் என் கூண்டுக்கு அனுமதிச் சீட்டாக இதுகாறும் வழங்கிவந்தேன்.

ஆகவே இரண்டு மனிதர்கள் ஒரே மரக்கறியை ஒரே விடுதியில் உண்ணலாம். ஒருவன் அருவருப்பால் இறைச்சியை விட்டவன். மற்றவன் இரக்கத்தால் விட்டவன். தட்டைப் பார்த்து வேறுபாடு அறிய முடியாது. பக்கத்தில் ஒருவன் மீன் முள்ளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் 2021 சனவரியில் மாட்டு வதைத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மாட்டின் வலியைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள், மாட்டை உண்பவனைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள் என்று நினைவுபடுத்திப் பார்த்தால் போதும்.

மேசையைத் துடைக்க வந்த இளைஞனைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஒடிசாவிலிருந்து வந்தவன், இருபது வயது இருக்கும். மகள் இந்தியில் பேச்சுக் கொடுத்தாள். இந்த உணவு பிடிக்குமா என்று யான் கேட்கச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, இரவு பத்து மணிக்குமேல் வேலை முடிந்ததும் தெருமுனைத் தள்ளுவண்டியில் முட்டைச் சோறு உண்பதாகச் சொன்னான். விடுதிக்குள் அதனைக் கொண்டுவரக் கூடாதாம், நின்றுகொண்டே உண்பானாம். காலை எப்போது வந்தாய் என்றதற்கு ஒன்பது மணி என்றான். மகள் முகம் சிறுத்துப் போயிற்று. அவள் உண்ட உணவில் எந்தப் பசுவுக்கும் வலியில்லை. ஆயின் பதின்மூன்று மணி நேரம் நின்ற ஒரு பிள்ளையின் கால்வலி அதில் இருந்தது.

பதினான்கு வயதுக்கு உட்பட்ட சிறுவரை உணவு விடுதிகளில் வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல்தான் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. அதற்குமுன் 'தூய' விடுதிகளில் மேசை துடைத்தவை எத்தனை சிறு கைகள்! 2019 சூன் மாதம் குசராத்தில், வடோதராவுக்கு அருகே ஒரு விடுதியின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கி ஏழு பேர் மாண்டனர். நால்வர் துப்புரவுத் தொழிலாளர். மூவர் அவ்விடுதியின் பணியாளர். மனிதரை இவ்வாறு இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013 முதல் இருக்கிறது. அங்கே என்ன சமைத்தார்கள் என்று யான் அறியேன். என்ன சமைத்திருந்தால் என்ன? தட்டில் உயிர்க்கொலை இல்லையென்று மகிழ்பவர் தொட்டியையும் எட்டிப் பார்க்க வேண்டும். மேலும் ஒன்று: அன்று யான் உண்ட ராகியும் கீரையும் என் தாய் எங்களை வளர்த்த உணவு. வாரத்தில் ஆறு நாள் எங்கள் வீட்டில் களியும் கீரையும் கொள்ளுச் சாறுமே. பாலைக் காண்பது அரிது. அதற்கு ஒரு பெயரும் இருந்ததில்லை. வறுமை என்று வேண்டுமானால் சொல்லலாம். விடுதியில் அதே ராகிக்கு இருநூற்றிருபது ரூபாய். இதைச் சொன்னபோது மகள் சிரித்தாள். இளைஞனுக்குக் கொடுத்த பணத்தை நான் பார்க்காதபடி கொடுத்தாள்.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதை நம்மவர் பலமுறை கேட்டது. வேள்வியில் கொல்லக் கட்டியிருந்த பசுவை இரவில் அவிழ்த்து மீட்டான். அதற்காக அடிபட்டான், பசுவின் மகன் என்று பிறப்பைச் சொல்லி இகழப்பட்டான், வளர்த்த வீட்டையும் இழந்தான், அவன் ஏந்திய பிச்சைப் பாத்திரத்தில் கல்லை இட்டனர். பிறகு அவன் மதுரைக்குச் சென்று, இரந்து பெற்ற சோற்றைக் குருடர், முடவர், ஆதரவற்றோர்க்கு முதலில் அளித்து, எஞ்சியதை உண்டு, அப்பாத்திரத்தையே தலையணையாக வைத்து உறங்கினான். அமுதசுரபி அவன் கைக்குத்தான் வந்தது. கட்டுண்ட பசுவைக் கண்டு பதைத்த நெஞ்சமும், பசித்த முடவனைக் கண்டு பதைத்த நெஞ்சமும் அவனிடம் இரண்டாக இருக்கவில்லை. பசுவுக்கு இரங்கியவன் பிறப்பைச் சொல்லி இகழப்பட்டவன் என்பதை இவ்வளவு நாள் எவ்வாறு கவனியாமல் விட்டேன்! இரக்கம் இகழ்ந்தவரின் உடைமை என்றும், அதனை ஏற்றால் அவர்க்குப் பணிந்ததாகும் என்றும் யான் எண்ணியது பெரும் பிழை. அது முன்பே நம் வீட்டில் இருந்த பொருள்.

மகள் சொன்ன எல்லாவற்றுக்கும் யான் உடன்பட்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. கடற்கரையில் மீனன்றி வேறு விளையாத ஊரானுக்கும், ஒரு கோப்பைப் பாலால் பிள்ளையின் எலும்பு தேறும் என்றிருக்கும் தாய்க்கும் அவளுடைய விதியைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவளும் சொல்வதில்லை. அசோகர் தம் முதற் பாறைக் கட்டளையில், முன்பு அரண்மனை அடுக்களையில் நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன என்றும், இப்போது இரண்டு மயிலும் ஒரு மானுமே என்றும், அம்மானும் எந்நாளும் இல்லை என்றும், இனி அவையும் கொல்லப்படமாட்டா என்றும் அறிவித்தார். ஆந்திரத்து எர்ரகுடிப் பாறையில் இன்றும் அதனைக் காணலாம். ஒரு பேரரசன், தன் அடுக்களையில் இன்னும் மிச்சமிருந்த குற்றத்தைக் கல்லில் வெட்டி ஊரறியச் செய்த அந்த நேர்மை எனக்கு ஆறுதலாயிருக்கிறது. யான் கூண்டுக் கடைக்குப் போவதை நிறுத்தி ஐந்து மாதமாகிறது. உறவினர் வீட்டில் இலையில் இட்டதை ஒதுக்குவதில்லை. என் மானுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.

சென்ற மாதம் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்காக என் துணைவியார் நெய் விடாமல் பருப்பும் முருங்கைக்கீரையும் சமைத்தார். என் தாய்க்கு எண்பத்தேழு வயது, பல் இல்லை, ஆயினும் அன்று உப்புக்கண்டக் குழம்பு வேண்டுமென்றார். என் தமக்கை வீட்டிலிருந்து வந்த கண்டம் கொஞ்சம் இருந்தது. எவ்வளவு வெந்தும் அது கிழவியால் மெல்லும் பதத்துக்கு வரவில்லை. மகள் தன் தட்டை ஒரு பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் பாட்டியின் அருகே போய் அமர்ந்தாள். கண்டத்தைத் தன் விரலால் நார் நாராகக் கிழித்துச் சோற்றில் பிசைந்து, "இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டுமா, ஆயா?" என்று கேட்டு ஊட்டினாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து தன் பருப்புச் சோற்றை உண்டாள்.